சுரங்கக் கழிவு நீரும் ஓடைவாழ் நுண்ணுயிர்களும்



உங்கள் வயலுக்கு நீர் பாய்ச்ச இரண்டு ஓடைகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். முதல் ஓடையில் நீர் சற்றே பழுப்பாக உள்ளது. கல்லின் மீது கால் வைத்தால் வழுக்குகின்றது. கரையோரத்தில் சருகுகள் மட்கிக் கிடக்கின்றன. இரண்டாவது ஓடையில் நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கின்றது. அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணி விடலாம். கற்களில் வழுக்கல் இல்லை. நீரில் விழுந்த இலை பல மாதங்களாக விழுந்தபடியே கிடக்கின்றது. இவற்றுள் எந்த ஓடையின் நீரை எடுப்பீர்கள்?

நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது ஓடையையே காட்டுவோம். ஆனால் அந்த ஓடையின் மேற்புறத்தில் சுரங்கம் ஏதேனும் இருக்குமானால், அந்தத் தேர்வு பெரும் தவறாகி விடலாம். தெளிவு என்பது தீமையன்று. நல்ல மலைச் சுனையும் தெளிவாகவே இருக்கும். ஆயினும் நல்ல சுனையின் கல்லில் மெல்லிய வழுக்கல் இருக்கும். அதில் விழுந்த சருகு சில வாரங்களில் நைந்து நரம்பாகி விடும். வழுக்கலும் இல்லை, மட்குதலும் இல்லை என்றால் அந்நீரில் உயிர் குன்றி விட்டது என்று பொருள். நுண்ணுயிர் வாழ முடியாத நீர் நெடுநாளில் பயிருக்கும், கால்நடைக்கும், மனிதனுக்கும் ஆகாத நீராகவே முடிகின்றது. இது எவ்வாறு நேருகின்றது, இதனை உழவர் எவ்வாறு அறிந்து கொள்ளலாம், என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஓடையில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை

எருக்குழியில் இலை தழைகளை மட்க வைப்பவை நுண்ணுயிர்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓடையும் ஒருவகையில் ஓடுகின்ற எருக்குழியே ஆகும். அங்கு மூன்று பெரிய வேலைகள் இடைவிடாது நடைபெறுகின்றன.

முதலாவது, கல்லின் மேல் படரும் வழுக்கல். பாக்டீரியாக்கள், பாசிகள், பூஞ்சாணங்கள் ஆகியவை தாமே சுரக்கும் பசையில் ஒட்டிக் கொண்டு கூட்டாக வாழும் படலமே இது. இப்படலத்தில் டயாட்டம் எனப்படும் மிகச் சிறிய பாசிகள் நிறைந்துள்ளன. இவற்றின் ஓடு கண்ணாடியைப் போன்ற சிலிகாவால் ஆனது. நத்தைகளுக்கும், நீர்ப் பூச்சிகளுக்கும், சிறு மீன்களுக்கும் இப்படலமே மேய்ச்சல் நிலம்.

இரண்டாவது, சருகு மட்குதல். நிழல் மிகுந்த மலை ஓடைகளில் உணவின் பெரும்பகுதி மரங்களிலிருந்து உதிரும் இலைகளே. அவ்விலைகளை முதலில் பற்றுபவை நீர்வாழ் பூஞ்சாணங்கள். 1942-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பணியாற்றிய இங்கோல்டு என்னும் தாவரவியலறிஞர் ஓடையில் மட்கும் இலைகளில் இவற்றைக் கண்டு விளக்கினார். இவற்றின் வித்துகளுள் பல நான்கு கைகள் நீட்டிய விண்மீன் போன்ற வடிவுடையவை. ஓடும் நீரில் அடித்துச் செல்லப்படாமல் இலையில் தொற்றிக் கொள்ள இவ்வடிவம் உதவுகின்றது. பூஞ்சாணம் படர்ந்து மென்மையான இலையைத்தான் நீர்ப் பூச்சிகள் விரும்பித் தின்கின்றன. அப்பூச்சிகளை மீன்கள் தின்கின்றன.

மூன்றாவது, சத்துகளை மாற்றும் வேலை. மட்கும் பொருள்களிலிருந்து வெளிப்படும் அம்மோனியாவைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் மிகுதியான நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விடுகின்றன. நீர் தன்னைத் தானே தூய்மைப்படுத்திக் கொள்கின்றது என்று நாம் சொல்வது இவ்வேலையைத்தான்.

சுரங்க நீர் அமிலமாவது எப்படி?

நிலக்கரி, செம்பு, துத்தநாகம், ஈயம், தங்கம் ஆகியவை கிடைக்கும் பாறைகளில் பெரும்பாலும் பைரைட் என்னும் தாதுவும் கலந்திருக்கும். இது இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன் போல் மின்னும் தாதுவாகும். பூமிக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும் வரை இதனால் தொல்லை இல்லை. சுரங்கம் தோண்டிப் பாறையை உடைத்து வெளியில் கொட்டும்போது காற்றும் மழை நீரும் பைரைட்டைத் தாக்குகின்றன. அதன் விளைவாகக் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. கேரளத்தின் குட்டநாட்டில் உள்ள கரி நிலங்கள் காய்ந்தால் புளித்துப் போவதற்கும் இதே பைரைட்தான் காரணம்.

இந்த இரசாயன மாற்றம் தானாக நடந்தால் மிகவும் மெதுவாகவே நடக்கும். ஆனால் இதனை விரைவுபடுத்தும் ஒரு பாக்டீரியா உண்டு. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் கழிவு நீரிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. முன்னர் தையோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்று அழைக்கப்பட்ட இது, 2000-ஆம் ஆண்டு முதல் அசிடிதையோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் எனப்படுகின்றது. நாம் சோற்றிலிருந்து ஆற்றல் பெறுவது போல இது இரும்பிலிருந்தும் கந்தகத்திலிருந்தும் ஆற்றலைப் பெறுகின்றது. அமில நீரில் இரும்பு ஆக்சிஜனுடன் சேரும் வேகத்தை இத்தகைய பாக்டீரியாக்கள் பத்து இலட்சம் மடங்கு வரை கூட்ட வல்லவை. இவ்வாறு மாறிய இரும்பு மீண்டும் பைரைட்டைத் தாக்கி மேலும் அமிலத்தை உண்டாக்குகின்றது. எனவேதான் ஒரு முறை தொடங்கிய அமிலக் கசிவு, சுரங்கத்தை மூடிய பின்னும் பல பத்தாண்டுகள் நீடிக்கின்றது.

அமிலம் உண்டான பின், அது பாறையில் அடங்கிக் கிடந்த செம்பு, துத்தநாகம், காட்மியம், மாங்கனீசு, அலுமினியம் போன்ற உலோகங்களைக் கரைத்து இழுத்து வருகின்றது. ஆக, ஒரு நுண்ணுயிரின் உணவு, கீழே ஓடையில் வாழும் ஆயிரம் நுண்ணுயிர்களுக்கு நஞ்சாக முடிகின்றது.

ஜெயந்தியா மலையில் கண்டது

நம் நாட்டில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு மேகாலய மாநிலத்தின் ஜெயந்தியா மலைப் பகுதியாகும். அங்குள்ள நிலக்கரியில் கந்தகம் மிகுதி. நிலக்கரிப் படிவம் மெல்லியதாக இருப்பதால், ஓர் ஆள் ஊர்ந்து செல்லும் அளவுக்கே குடைந்து கரியை வெட்டி எடுக்கும் 'எலி வளை' முறை பரவியது. வெட்டிய கரியும் கழிவுப் பாறையும் சாலையோரங்களிலும் ஓடைக் கரைகளிலும் குவிக்கப்பட்டன. அம்மலைகளில் மழையும் மிக அதிகம். ஒவ்வொரு மழைக்கும் அமிலம் கழுவப்பட்டு ஓடைகளில் சேர்ந்தது.

சுரங்கப் பகுதி ஓடைகளில் பி.எச். எனப்படும் கார அமில நிலை 4-க்கும் கீழே இறங்கியிருந்தது. பி.எச். 7 என்பது நடுநிலை. ஒவ்வோர் எண் குறையும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். ஆகவே பி.எச். 4 உள்ள நீர், நடுநிலை நீரை விட 1,000 மடங்கு அமிலத்தன்மை உடையது. அவ்வோடைகளில் மீன்கள் மறைந்தன. லூக்கா ஆறு குளிர் காலங்களில் இயல்புக்கு மாறான நீல நிறம் கொண்டது. கோபிலி ஆற்றின் அமில நீர் அங்குள்ள புனல் மின் நிலையத்தின் இரும்புப் பாகங்களையே அரித்தது. இரும்பை அரிக்கும் நீர் நெற்பயிரின் வேரை என்ன செய்யும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பள்ளத்தாக்கில் நெல் பயிரிட்டு வந்தவர்களின் வயல்களும் இந்நீருக்குத் தப்பவில்லை. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எலி வளைச் சுரங்க முறைக்குத் தடை விதித்தது. தடை விதித்தவுடன் அமிலம் நின்று விடவில்லை. காரணத்தை மேலே கண்டோம்.

நுண்ணுயிர்களுக்கு நேரும் தீங்குகள்

உலோக மாசு ஓடைவாழ் நுண்ணுயிர்களை நான்கு வழிகளில் தாக்குகின்றது.

1. நொதிகளைச் செயலிழக்கச் செய்தல்: உயிரணுவின் ஒவ்வொரு வேலையையும் நொதிகள் என்னும் புரதங்களே செய்கின்றன. பல நொதிகள் இயங்கச் சிறிதளவு துத்தநாகமோ, செம்போ, மாங்கனீசோ தேவை. காட்மியம், துத்தநாகத்தைப் போலவே தோற்றம் காட்டி அதன் இடத்தில் உட்கார்ந்து கொள்கின்றது. பூட்டில் வேறு சாவியைத் திணித்து உடைத்தது போல நொதி வேலை செய்யாமல் நின்று விடுகின்றது. தேவையான செம்பும் கூட அளவு மீறினால் உயிரணுவின் சவ்வைச் சிதைக்கின்றது. மயில்துத்தம் பூஞ்சாண நோய்களைக் கொல்வது இவ்வாறுதான். வயலில் நோய்ப் பூஞ்சாணத்தைக் கொல்லும் அதே செம்பு, ஓடையில் சருகை மட்க வைக்கும் பூஞ்சாணத்தையும் கொல்லும்.

2. வகைகள் குறைதல்: மாசு பட்டவுடன் எல்லா நுண்ணுயிர்களும் ஒரே நாளில் மடிவதில்லை. மென்மையானவை முதலில் மறைகின்றன. தாங்கக் கூடிய சிலவே எஞ்சுகின்றன. டயாட்டம் பாசிகளில் இது தெளிவாகத் தெரியும். பிரான்சு நாட்டில் துத்தநாகத் தொழிலின் கழிவால் காட்மியமும் துத்தநாகமும் கலந்த லாட் ஆற்றுப் பகுதியில், கோணலாக வளைந்த ஓடுகளை உடைய டயாட்டங்கள் காணப்பட்டன. நீர் ஆய்வாளர்கள் அக்கோணல் ஓடுகளையே உலோக மாசின் அடையாளமாகக் கொள்கின்றனர். பூஞ்சாணங்களோ மடியும் முன்பே வித்து உண்டாக்குவதைக் குறைத்துக் கொள்கின்றன. விதை நெல் இல்லாத ஊரில் அடுத்த போகம் எப்படி இருக்கும்? அதே நிலைதான்.

3. துருப் படிதல்: அமில நீர் நல்ல நீருடன் கலந்து பி.எச். உயரும்போது கரைந்திருந்த இரும்பு செம்மஞ்சள் நிறச் சேறாகப் படிகின்றது. அலுமினியம் வெண்ணிறப் படிவாக இறங்குகின்றது. இவை கற்களையும் சருகுகளையும் போர்வை போல மூடி விடுகின்றன. பாசிக்கு ஒளி கிடைப்பதில்லை. பூஞ்சாணத்திற்கு மூச்சு விட இடமில்லை. அமெரிக்காவில் கொலராடோ மலை ஓடைகளில் நடந்த ஆய்வுகளில், இத்தகைய படிவு மிகுந்த இடங்களில் சருகு மட்குதல் வெகுவாகக் குறைந்திருந்தது. நீரில் கரைந்துள்ள உலோகத்தின் அளவு குறைந்து விட்டது என்று மகிழும் இடத்தில்கூட, அடியில் படிந்த உலோகம் தீங்கு செய்து கொண்டிருக்கும்.

4. உணவுத் தொடர் அறுதல்: பூஞ்சாணம் இல்லையேல் இலை மென்மையாவதில்லை. இலை மென்மையாகாவிட்டால் பூச்சி இல்லை. பூச்சி இல்லையேல் மீன் இல்லை. மேலும் வழுக்கல் படலம் உலோகங்களை உறிஞ்சித் தேக்கி வைக்கும் தன்மையது. நீரில் சிறிதளவே இருக்கும் காட்மியம் படலத்தில் பல மடங்காகச் சேர்ந்து, அதனை மேயும் நத்தைக்கும் பூச்சிக்கும் போய்ச் சேருகின்றது.

தாங்கி நிற்கும் நுண்ணுயிர்கள்

எல்லாம் மடிந்து விடுகின்றனவா என்றால் இல்லை. ஸ்பெயின் நாட்டில் ரியோ டின்டோ என்னும் ஆறு உள்ளது. அதன் கரைகளில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளாகச் சுரங்கத் தொழில் நடந்து வந்துள்ளது. அதன் நீர் சிவப்பாகவும், பி.எச். 2-ஐ ஒட்டியும் இருக்கும். அந்நீரிலும் பாக்டீரியாக்களும் பாசிகளும் பூஞ்சாணங்களும் வாழ்கின்றன.

1976-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டில் துத்தநாக ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியிலிருந்து ஒரு பாக்டீரியா பிரிக்கப்பட்டது. உள்ளே நுழையும் துத்தநாகத்தையும் காட்மியத்தையும், வயலில் தேங்கிய நீரை இறைத்து வெளியேற்றுவது போல, உயிரணுவிலிருந்து வெளியே இறைத்துத் தள்ளும் அமைப்பு அதனிடம் இருப்பது அறியப்பட்டது. இவ்வாறு இறைப்பதற்கு ஆற்றல் செலவாகின்றது. அந்த அளவுக்கு வளர்ச்சிக்கும் மட்க வைக்கும் வேலைக்கும் ஆற்றல் குறைகின்றது. ஆகவே எஞ்சிய உயிர்கள் இருந்தும் ஓடை முன்போல் வேலை செய்வதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. உலோகத்தைத் தாங்கும் திறனும், நோய் முறி மருந்துகளைத் தாங்கும் திறனும் சில பாக்டீரியாக்களில் ஒரே மரபு வளையத்தில் அமைந்திருக்கின்றன. ஆகையால் மருந்தே கலக்காத ஓடையிலும் உலோக மாசு காரணமாக மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்கள் பெருக வாய்ப்பு உண்டு. கால்நடைகளை இத்தகைய ஓடையில் நீர் குடிக்க விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஓடையிலிருந்து வயலுக்கு

ஜப்பானில் தோயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆறு பாய்கின்றது. அதன் மேற்பகுதியில் இருந்த கமியோகா துத்தநாக, ஈயச் சுரங்கத்திலிருந்து காட்மியம் ஆற்றில் கலந்தது. அந்நீரைப் பாய்ச்சிய நெல் வயல்களில் காட்மியம் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தது. அவ்வரிசியை உண்டு, அந்நீரைக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்புகள் மென்மையாகி முறியும் நோய் வந்தது. வலி தாங்காமல் அவர்கள் எழுப்பிய ஒலியையே நோய்க்குப் பெயராக்கி 'இட்டாய் இட்டாய்' என்றனர். 1968-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு இதனைச் சுரங்க மாசால் வந்த நோய் என்று ஏற்றுக் கொண்டது. கெட்டுப் போன 860 எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில், மாசுபட்ட மண்ணைப் புதைத்து நல்ல மண்ணைப் பரப்பிச் சீர் செய்யும் பணி 1979-இல் தொடங்கி 2012 வரை, 33 ஆண்டுகள் நடந்தது.

நெல் வயலிலும் காட்மியத்தின் போக்கை நுண்ணுயிர்களே முடிவு செய்கின்றன. வயலில் நீர் தேங்கியிருக்கும்போது காற்றில்லா நிலையில் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன. சல்பைடு காட்மியத்தைப் பிடித்துக் கரையாத பொருளாக்கி விடுகின்றது. வயலை வடித்துக் காயவிட்டவுடன் அது மீண்டும் கரைந்து வேருக்குக் கிடைக்கின்றது. எனவே ஜப்பானில், கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரங்கள் முன்பிருந்து, வெளிவந்து மூன்று வாரங்கள் பின்பு வரை வயலில் நீரைத் தேக்கி வைக்குமாறு பரிந்துரைக்கப்படுகின்றது. ஆனால் மண்ணில் ஆர்செனிக் என்னும் நஞ்சு இருக்குமானால், நீர் தேக்குவதால் அது அரிசியில் கூடி விடும். ஆகவே மண்ணை ஆய்வு செய்யாமல் இம்முறையைக் கைக்கொள்ளக் கூடாது.

பயறு வகைப் பயிர்களுக்கு வேறொரு தீங்கு உண்டு. இங்கிலாந்தில் வோபர்ன் என்னுமிடத்தில் 1942 முதல் 1961 வரை உலோகம் கலந்த சாக்கடைக் கசடு எருவாக இடப்பட்டது. எரு இடுவதை நிறுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னும், அந்நிலத்தில் வெண் குளோவர் என்னும் பயறு வகைத் தீவனப் பயிர் வெளிறிக் குன்றியது. தழைச்சத்து உரம் இட்டபோது அதே பயிர் நன்றாக வளர்ந்தது. ஆக, உலோகம் பயிரை நேராகத் தாக்கவில்லை. காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தும் ரைசோபியம் பாக்டீரியாவையே தாக்கியிருந்தது. அங்கு எஞ்சியிருந்த ரைசோபியம் முடிச்சுகளை உண்டாக்கியது. ஆனால் தழைச்சத்தைச் சேர்க்கும் திறனற்றிருந்தது. உளுந்தோ நிலக்கடலையோ பயிரிடும் உழவர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். வேர் முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கின்றது. வெளிறியிருந்தால் ஏதோ குறை உள்ளது.

உழவர்கள் தாமே அறியும் வழிகள்

நமது எல்லையை ஒட்டிய கோலார் தங்கவயலில் 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட பின்னும், தாதுவை அரைத்துக் கொட்டிய மண் மேடுகள் நிற்கின்றன. சுரங்கமே இல்லாத ஊர்களிலும் உலோக முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு நீர் ஓடையில் கலக்குமானால் இப்பாடம் பொருந்தும். கீழ்க்காணும் குறிகளைக் கவனியுங்கள்.

• கற்களின் மீதும் வாய்க்கால் கரையிலும் செம்மஞ்சள் அல்லது வெண்ணிறப் படிவு.
• கற்களில் வழுக்கல் இல்லாமை. நத்தை, தவளைக் குஞ்சு, நீர்ப் பூச்சிகள் காணாமை.
• பல வாரங்கள் நீரில் கிடந்தும் நையாத சருகு.
• மோட்டார் குழாய், மதகு ஆகியவற்றின் இரும்புப் பகுதி விரைவில் அரிக்கப்படுதல்.
• நெல்லின் கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி இலை வெண்கல நிறமாதல். இது இரும்பு நஞ்சின் அறிகுறியாக இருக்கலாம்.

சருகுப் பை ஆய்வு: அதிகச் செலவின்றி நீங்களே இதனைச் செய்து பார்க்கலாம். ஒரே மரத்தின் கீழ் உதிர்ந்த சருகுகளை, எடுத்துக்காட்டாகப் புங்கன் சருகுகளை, சேகரித்து நன்கு காய வையுங்கள். கொசு வலைத் துணியில் பத்துப் பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் சரியாக 10 கிராம் சருகு இடுங்கள். கழிவு நீர் கலக்கும் இடத்திற்கு மேலே ஐந்து பைகளையும், கீழே ஐந்து பைகளையும் கல்லோடு சேர்த்துக் கட்டி நீரில் அமிழ்த்துங்கள். இரண்டு இடங்களிலும் நீரின் ஆழம், ஓட்டம், நிழல் ஆகியவை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு வாரங்கள் கழித்து எடுத்து, படிந்த சேற்றை மெல்ல அலசி, எடை மாறாத நிலை வரும் வரை காய வைத்து நிறுங்கள். கொசு வலை பெரிய பூச்சிகளைத் தடுத்து விடுவதால், குறைந்த எடை பெரும்பாலும் நீரில் கரைந்து போனதும் நுண்ணுயிர்கள் தின்றதுமே ஆகும்.

எடுத்துக்காட்டாக, மேலே சராசரியாக 5 கிராமும் கீழே 8 கிராமும் எஞ்சியிருந்தால், கீழ்ப்பகுதியில் நுண்ணுயிர்களின் வேலை தடைப்பட்டுள்ளது என்று ஐயுற வேண்டும். ஒரு பையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த ஆய்வு எந்த உலோகம் எவ்வளவு உள்ளது என்று சொல்லாது. நீரை ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டுமா என்பதை மட்டுமே சொல்லும்.

ஆய்வகத்திற்கு அனுப்பும்போது கோடை முடிந்து பெய்யும் முதல் மழை நீரையும், ஓட்டம் குறைந்த காலத்து நீரையும் தனித்தனியே எடுங்கள். கோடையில் கழிவு மேட்டில் பூத்த உப்புகளை முதல் மழைதான் கழுவிக் கொண்டு வரும். வழக்கமான பாசன நீர் ஆய்வில் உலோகங்களை அளப்பதில்லை. ஆகவே, உலோக ஆய்வு வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். நீர் எடுக்கும் புட்டி பற்றியும், நீர் கெடாமல் இருக்கச் சேர்க்க வேண்டிய அமிலம் பற்றியும் ஆய்வகத்தாரிடம் முன்பே கேட்டறிவது நல்லது.

தொடர்ந்து பாசனத்திற்குப் பயன்படுத்தும் நீரில் இருக்கத்தக்க மேல் வரம்புகளாக உலக உணவு வேளாண்மை அமைப்பு 1985-இல் வெளியிட்ட அளவுகளுள் சில வருமாறு (லிட்டருக்கு மில்லி கிராம்):

காட்மியம் – 0.01
செம்பு – 0.2
மாங்கனீசு – 0.2
நிக்கல் – 0.2
துத்தநாகம் – 2.0
இரும்பு – 5.0
அலுமினியம் – 5.0

பாசன நீரின் பி.எச். 6.5 முதல் 8.4 வரை இருப்பது இயல்பானது.

செய்ய வேண்டியவை

ஆய்வில் மாசு உறுதியானால் முதல் வேலை அந்நீரை வயலுக்கு விடாமல் தடுப்பதே. உலோகங்கள் பூச்சி மருந்தைப் போலச் சில மாதங்களில் சிதைந்து போகக் கூடியவை அல்ல. நிலத்தில் ஒரு முறை சேர்ந்தால் தலைமுறைகளுக்கு நிற்கும். வேறு நீர் இல்லையெனில் முதல் மழை வெள்ளத்தையாவது மதகை அடைத்து ஒதுக்கி விட வேண்டும்.

அமில நிலத்தில் மண் ஆய்வின்படி சுண்ணாம்பு இட்டுப் பி.எச். அளவை உயர்த்தினால் காட்மியமும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைப்பது குறையும். தொழு உரமும் உலோகங்களைப் பிடித்து வைக்க ஓரளவு உதவும். இவை உலோகத்தை நிலத்திலிருந்து அகற்றுவதில்லை. அடக்கி வைக்க மட்டுமே செய்கின்றன. ஆகவே விளைந்த அரிசியையும் கீரையையும் ஆய்வு செய்வது அவசியம். பட்டை தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லி கிராமுக்கு மேல் காட்மியம் இருக்கலாகாது என்பது உலக அளவில் வகுத்துள்ள வரம்பு. காட்மியத்தை எளிதில் சேர்க்கும் கீரை வகைகளை ஐயமுள்ள நிலத்தில் தவிர்த்தல் நலம்.

ஓடையைச் சீர்படுத்துவது ஊரும் அரசும் சுரங்கம் நடத்துவோரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி. சுண்ணாம்புக் கல் பரப்பிய வாய்க்காலில் அமில நீரை ஓட விடலாம். ஆனால் திறந்த வாய்க்காலில் இரும்புத் துரு கல்லின் மேல் படிந்து அதன் வேலையைக் குறைத்து விடும். எனவே சில இடங்களில் காற்றுப் புகாதவாறு மூடிய வாய்க்கால் அமைக்கின்றனர். சாணம், வைக்கோல் போன்ற மட்கும் பொருள்களை அடியில் பரப்பிக் கோரை வளர்க்கும் செயற்கைச் சதுப்பு மற்றொரு முறை. நெல் வயலில் நாம் கண்ட அதே சல்பேட் பாக்டீரியாக்கள் இங்கும் உலோகங்களைச் சல்பைடாக்கி அடியில் நிறுத்துகின்றன, அமிலத்தையும் தணிக்கின்றன. நுண்ணுயிரால் வந்த தீங்கை நுண்ணுயிரைக் கொண்டே தணிக்கும் வழி இது.

ஜின்சு ஆற்றங்கரை மக்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1972-ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் வென்றவுடன் அவர்கள் வீட்டுக்குத் திரும்பி விடவில்லை. சுரங்கத்திற்குள் சென்று பார்வையிடும் உரிமையையும் எழுத்து மூலம் பெற்றார்கள். அவ்வாண்டு முதல் ஆண்டுதோறும் உழவர்களும் அறிஞர்களும் சேர்ந்து நேரில் சென்று, கழிவு நீர் எங்கே கசிகின்றது என்று பார்த்து, திருத்தச் செய்து வந்திருக்கின்றனர். அதனால் ஆற்று நீரில் காட்மியம் இயற்கையான அளவுக்கு இறங்கியது.

ஆகவே, அடுத்த முறை ஓடையில் இறங்கும்போது நீரின் தெளிவை மட்டும் பார்க்காதீர்கள். குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பாருங்கள். ஒரு சருகைப் புரட்டிப் பாருங்கள். கல் வழுக்கினால், சருகு நைந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள் அங்கு நலமாக இருக்கிறார்கள். இல்லையென்றால் காரணத்தை அறியும் வரை மதகைத் திறக்க வேண்டாம். நீரைப் புட்டியில் எடுத்துக் கொண்டு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தையோ அணுகுமாறு உழவர் பெருமக்கள் கேட்டுக் கொள்ளப்படுகின்றனர்.